யார் தொழிலாளி என்பதை முதலாளியின் பதிவேடு தீர்மானிக்கலாமா?

வட இந்தியத் தொழில் மண்டலம் ஒன்றிலிருந்து வந்த கோரிக்கைப் பட்டியலை அண்மையில் தமிழாக்கம் செய்ய நேர்ந்தது. வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் சங்கம், ஊதிய ஒப்பந்தம் முடிவடைவதையொட்டி நிர்வாகத்திடம் அளித்த பட்டியல் அது. மொத்தம் நாற்பது கோரிக்கைகள். அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, போனஸ், மருத்துவக் காப்பீடு, பேருந்து வசதி, கேண்டீன் கட்டணம் என ஒவ்வொன்றும் கணக்கோடும் காரணத்தோடும் எழுதப்பட்டிருந்தது. முப்பத்தெட்டாவது இடத்தில் ஒரே ஒரு வரி: ஒப்பந்தத் தொழிலாளர்களின் நலன் குறித்துப் பரிவுடன் பரிசீலிக்க வேண்டும். அவர்களுக்கு எவ்வளவு ஊதியம், எத்தனை பேருக்கு நிரந்தரம், எந்தத் தேதி முதல் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆலையில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று, பட்டியலுடன் வந்த கடிதமே தெரிவித்தது.

பாதிக்கு மேற்பட்டோரைப் பரிவுக்குரியவர்களாக ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியோருக்காக மட்டும் பேச உட்காரும் சங்கம் எந்த வலிமையை நம்பி உட்காருகிறது? இந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனெனில் முதலாளி வர்க்கம் இதற்கான தன் விடையைச் சட்டமாகவே எழுதிவிட்டது.

2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாள்களில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் 14ஆவது பிரிவு 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்ற ஏற்பாட்டை உருவாக்குகிறது. ஓர் ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவைப் பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கம். எவருக்கும் 51 விழுக்காடு இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுடைய சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். ஆட்சியாளர்களும் அவர்களது ஏடுகளும் இதைத் தொழிற்சங்க ஜனநாயகம் என்று போற்றுகிறார்கள். சங்க அங்கீகாரத்திற்குச் சட்டப்பூர்வ ஏற்பாடு வேண்டுமென்று இத்தனை ஆண்டுகள் கேட்டவர்கள் நீங்கள்தானே, இப்போது ஏன் எதிர்க்கிறீர்கள் என்றும் வினவுகிறார்கள்.

ஆம், கேட்டோம். ஆனால் 51 விழுக்காடு என்பது எதில் 51 விழுக்காடு? சட்டத்தின் விடை: அந்த ஆலையின் வருகைப் பதிவேட்டில், அதாவது மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவர்களில். அந்தப் பதிவேட்டை எழுதுபவர் யார்? முதலாளி. ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் ஒப்பந்ததாரர் வைத்திருக்கும் தனிப் பதிவேட்டில் இருக்கும். ஆலையின் பதிவேட்டில் இராது. தொழிற்பழகுநர் தொழிலாளியே அல்லர் என்று 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் கூறிவிட்டது. ஆகவே வாக்காளர் பட்டியலை வேட்பாளரின் எதிரியிடம் எழுதக் கொடுத்துவிட்டு, வாக்கெடுப்பு நேர்மையாக நடக்கும் என்று உறுதியளிப்பதைப் போன்றது இந்த ஜனநாயகம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆலையில் 3,000 பேர் வேலை செய்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர் 900 பேர். குறித்த காலப் பணியாளர் 300 பேர். ஒப்பந்தத் தொழிலாளர் 1,300 பேர். பயிற்சியாளரும் தொழிற்பழகுநரும் 500 பேர். பதிவேட்டில் இடம்பெறுவோர் 1,200 பேர் மட்டுமே. அதில் 51 விழுக்காடு 612. ஆலையில் வியர்வை சிந்துவோரில் ஐந்தில் ஒருவரின் ஆதரவைப் பெற்ற சங்கம், எல்லோரது வாழ்வையும் பாதிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும். அதே ஆலையில் 2,000 பேரைத் திரட்டிய வேறொரு சங்கம் இருக்கலாம். அந்த 2,000 பேரில் பதிவேட்டில் உள்ளோர் 550 பேர் மட்டும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது சிறுபான்மைச் சங்கம். பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது.

குறித்த காலப் பணியாளரின் நிலை இன்னும் கொடியது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும், எண்ணிக்கையிலும் சேரும். ஆனால் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ முடியும் பணிக்காலத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் கையில் இருக்கையில், அவர் எந்தத் துணிவில் சங்கப் படிவத்தில் கையெழுத்திடுவார்? எனவே 51 விழுக்காட்டின் இலக்கை உயர்த்துவதற்கு அவர் பயன்படுகிறார். அந்த இலக்கை எட்டுவதற்குப் பயன்பட முடியாதவராக வைக்கப்படுகிறார். ஒருபுறம் ஆள் குறைப்பு, மறுபுறம் ஆள் நிரப்பு. இரண்டுமே சங்கத்திற்கு எதிராக.

இந்தச் சட்டத் தொகுப்பை மொழிபெயர்ப்பவனின் கண்ணோடு படித்தபோது ஒரு முரண் தட்டுப்பட்டது. பொதுவான விளக்கப் பிரிவில் தொழிலாளி என்ற சொல்லுக்கு ஒரு பொருள் தரப்பட்டுள்ளது. ஆனால் தொழிற்சங்கங்கள் பற்றிய மூன்றாம் அத்தியாயத்திற்கு மட்டும் அச்சொல்லின் பொருள் விரிகிறது: தொழிலில் வேலைக்கமர்த்தப்பட்ட அனைவரும் தொழிலாளரே, அமைப்புசாராத் தொழிலாளரும் அதில் அடங்குவர். 14ஆவது பிரிவு அமைந்திருப்பதும் இதே மூன்றாம் அத்தியாயத்தில்தான். அதாவது, சங்கத்தில் சேரும்போது எல்லோரும் தொழிலாளர். சங்கத்தின் பலத்தை அளக்கும்போது பதிவேட்டில் உள்ளவர் மட்டும் தொழிலாளர். வாசலில் விரித்த பாயைக் கூடத்தில் சுருட்டிக்கொள்கிறது சட்டம். தமிழில் தொழிலாளி என்றால் தொழிலை ஆள்பவர். அச்சொல்லில் பதிவேடு இல்லை, ஒப்பந்ததாரர் இல்லை, ஊதியச் சீட்டை அச்சடிப்பவரின் பெயர் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் ஆலை எத்தனை தொழிற்பழகுநரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒன்றிய அரசின் விதி உண்டு. 2019இல் திருத்தப்பட்ட அவ்விதியின்படி, மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை. அந்த மொத்த எண்ணிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறார்கள்! மலிவான உழைப்பை முதலாளி எவ்வளவு அள்ளிக்கொள்ளலாம் என்று கணக்கிடும்போது ஒப்பந்தத் தொழிலாளி அந்த ஆலையின் ஆள். அவர் தம் உரிமையைக் கேட்கும்போது யாரோ ஒரு காண்ட்ராக்டரின் ஆள். ஒரே அரசு, ஒரே ஆலை, ஒரே மனிதர். கணக்கு மட்டும் இரண்டு.

மேற்பார்வையாளர் என்ற வகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவரைப் பொது விளக்கப் பிரிவு தொழிலாளர் வரையறையிலிருந்து நீக்குகிறது. பழைய தொழில் தகராறு சட்டத்தில் 1,600 ரூபாயாக இருந்து, 2010இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட வரம்பு இது. இன்றைய விலைவாசியில் 18,000 ரூபாய் வாங்குபவர் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்? குழுத் தலைவர், எக்ஸிகியூட்டிவ், சீனியர் அசோசியேட் என்று அடையாள அட்டையில் பெயர் மாற்றி, எந்திரத்தின் முன் நிற்பவரைச் சங்கத்திலிருந்து பிரிக்கும் தந்திரம் பழையது. பதவியின் பெயரைப் பார்க்காதே, அவர் முதன்மையாகச் செய்யும் வேலையைப் பார் என்று உச்ச நீதிமன்றமே பல வழக்குகளில் கூறியிருக்கிறது. நம் அளவுகோல் இன்னும் எளியது: ஒருவரை வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் உள்ளவர் நிர்வாகத்தின் பக்கம். அந்த அதிகாரம் இல்லாதவர் எவ்வளவு ஊதியம் வாங்கினாலும், எந்தப் பட்டத்தைச் சுமந்தாலும் நம் பக்கம்.

இது ஓரத்தில் நிற்கும் சிலரைப் பற்றிய பிரச்சினை அன்று. அமைப்புசார்ந்த ஆலைத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தது. அது இன்று 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதை அரசின் வருடாந்திரத் தொழில் ஆய்வே காட்டுகிறது. ஒப்பந்தத் தொழிலை முறைப்படுத்தவும் ஒழிக்கவும் 1970இல் இயற்றப்பட்ட சட்டம் 20 பேருக்கும் மேலுக்கும் பொருந்தியது. புதிய தொகுப்பில் அது 50 பேராக உயர்த்தப்பட்டுள்ளது. 49 பேரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு உரிமமே தேவையில்லை. வங்கத்தின் சணல் ஆலைகளில் பதிலி, சிறப்புப் பதிலி, வவுச்சர் தொழிலாளி, ஜீரோ நம்பர் தொழிலாளி என்று உழைப்பாளரைக் கூறுபோடும் படிநிலைகள் நெடுங்காலமாக உண்டு. ஒரே தறியில் நிற்பவர்களுக்கு இத்தனை பெயர்கள் ஏன்? ஒவ்வொரு பெயரும் ஒரு தனி ஊதியம். ஒவ்வொரு ஊதியமும் ஒரு தனிச் சுவர். நவீன ஆலைகளில் துப்புரவு, கேண்டீன், சுமைப் பணிகளில் ஒப்பந்தச் சீட்டுடன் நிற்பவர்களில் தலித்துகளும் பெண்களும் புலம்பெயர்ந்தோரும் குவிந்திருப்பது தற்செயல் என்று எவரும் சொல்ல முடியாது. கூட்டுபேரத்தின் எல்லையை நிரந்தரத் தொழிலாளரோடு நிறுத்திக்கொள்ளும் சங்கம், அறிந்தோ அறியாமலோ, ஆலைக்குள் சாதியின் எல்லையையும் காத்து நிற்கிறது.

சட்டம் இடம் கொடுக்கவில்லையே, நாம் என்ன செய்வது என்று நம் தோழர்களிலும் சிலர் கைவிரிப்பதுண்டு. வரலாறு அவர்களுக்கு வேறு விடை சொல்கிறது. 1958இல், அசாமின் திமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கில், தாங்கள் அக்கறை கொண்ட வேறொருவருக்காகத் தொழிலாளர் தகராறு எழுப்பலாம். ஆனால் அதில் அவர்களுக்கு உண்மையான பொது நலன் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டே ஆண்டுகளில் அந்த வாசலை மும்பைத் தொழிலாளர் பயன்படுத்திக் காட்டினர். ஸ்டாண்டர்டு வாக்வம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நிரந்தரத் தொழிலாளர், துப்புரவுப் பணியில் ஒப்பந்த முறையை ஒழிக்க வேண்டுமென்று தகராறு எழுப்பினர். ஒப்பந்ததாரரின் ஆள்களுக்காகப் பேச உங்களுக்கு என்ன உரிமை என்றது நிர்வாகம். உரிமை உண்டு என்றது 1960ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒப்பந்த முறையை நீக்கச் சொன்ன தீர்ப்பாயத்தின் ஆணையும் நிலைத்தது. ஆக, நிரந்தரத் தொழிலாளர் ஒப்பந்தத் தொழிலாளருக்காகப் போராடலாம் என்பது அறுபதாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் சட்டம். அந்த வாசல் வழியாக எத்தனை சங்கங்கள் நுழைந்தன?

1978இல், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி சென்றார். யாருடைய வணிகத்திற்காகத் தொழிலாளி உற்பத்தி செய்கிறாரோ, யாருடைய பொருளாதாரக் கட்டுப்பாட்டில் அவரது பிழைப்பு இருக்கிறதோ, அவரே உண்மையான வேலையளிப்பவர். இடையில் நிற்கும் ஒப்பந்ததாரர் வெறும் திரை என்பது அத்தீர்ப்பின் சாரம். தாராளமயம் தலையெடுத்த பின் காற்று திசை மாறியது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டால் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாவர் என்று கூறிய நீதிமன்றம், 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் வழியாக அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தீர்ப்புகள் காலத்தோடு மாறும். காலத்தை மாற்றுவது போராட்டம். 1960இல் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் சாய்ந்ததற்கு, வெளியே வலுவான சங்கங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மானேசர் நமக்கு அண்மைக்காலப் பாடம். 2011இல் அரியானாவின் மாருதி சுசூகி ஆலையில் இளம் தொழிலாளர் தங்களுக்கென ஒரு சங்கம் கேட்டுப் போராடினர். ஆகஸ்டு இறுதியில் நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் உள்ளே வரலாம் என்று நிர்வாகம் வாயிலை அடைத்தது. உடன்பாடு ஏற்பட்டு நிரந்தரத் தொழிலாளர் உள்ளே சென்றபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் வெளியே நிறுத்தப்பட்டனர். நிரந்தரத் தொழிலாளருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. சட்டப்படி அவர்களுக்கு வேறு கவலை இல்லை. ஆனால் அக்டோபர் 7 அன்று அவர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்தனர். வெளியே நிற்கும் தோழர்களையும் எடுத்தால்தான் எந்திரம் ஓடும் என்றனர். எந்தப் பதிவேடும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரே வரிசையில் நின்று ஒரே காரைப் பூட்டியவர்கள், கூட்டுபேரத்தின் எல்லை எதுவென்று தாங்களே வரைந்து காட்டினர்.

இந்த ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2012 ஜூலை 18 அன்று நிகழ்ந்த மோதலில் மனிதவளத் துறை அலுவலர் ஒருவர் உயிரிழந்தார், அது துயரமானது. அதைக் காரணமாக்கி 546 நிரந்தரத் தொழிலாளரும், அவர்களினும் மிகுதியான ஒப்பந்தத் தொழிலாளரும் வேலையிலிருந்து தூக்கியெறியப்பட்டனர். 148 பேர் மீது வழக்கு நடந்தது. 2017இல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சிறையிலும் வழக்கிலும் அலைக்கழிக்கப்பட்ட 117 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். மூலதனம் எதற்கு இவ்வளவு அஞ்சுகிறது என்பதை இந்தத் தண்டனையின் அளவு காட்டுகிறது. ஊதிய உயர்வுக் கோரிக்கையோடு அது பேரம் பேசிக்கொள்ளும். நிரந்தரமும் ஒப்பந்தமும் கைகோப்பதை மட்டும் அதனால் பொறுக்க முடியாது.

நம்முள் எழும் மறுப்புகளுக்கும் நேராக விடை கூறியாக வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர் நிலையில்லாதவர், வந்து போகிறவர். அவரை எப்படிக் கணக்கில் எடுப்பது என்கிறார்கள். பெரும்பாலான ஆலைகளில் மாறிக்கொண்டிருப்பது ஒப்பந்ததாரரின் பெயர்ப்பலகை. தொழிலாளி பத்தாண்டுகளாக அதே வாயிலில்தான் நுழைகிறார். உண்மையிலேயே இடையில் வந்தவர்களுக்கு, கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருந்தால் வாக்கு என்று ஒரு வரம்பு வைத்தால் தீர்ந்தது.

அவர்களைச் சேர்த்தால் நம் ஊதிய உயர்வு குறையும் என்கிறார்கள். வெளியே சொல்லத் தயங்கினாலும், உண்மையான தடை இதுதான். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் மூன்றில் ஒரு பங்கு ஊதியத்துக்கு அதே வேலையைச் செய்யும் வரை, ஓய்வுபெறும் ஒவ்வொரு நிரந்தரத் தொழிலாளியின் இடத்திலும் நிர்வாகம் யாரை நிரப்பும்? ஒவ்வொரு ஊதிய ஒப்பந்தத்திலும் தொகை கூடுகிறது. கையெழுத்தின் பயனைப் பெறுவோர் தொகை குறைகிறது. இப்படியே போனால் மிக நல்ல ஓர் ஒப்பந்தம் போடப்படும் நாளில் அதை அனுபவிக்க ஆளிருக்காது. வேலைநிறுத்த நாளில் ஆலையை ஓட்டப்போவதும் நாம் வெளியே விட்ட அந்த ஆள்களைக் கொண்டுதான். அவர்களைக் கருங்காலிகள் என்று ஏசுவதற்கு முன், அவர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்ததாரர் தம் ஆள்களை மந்தையாக ஓட்டிவந்து நிர்வாகச் சங்கத்துக்கு வாக்களிக்க வைப்பார் என்கிறார்கள். இந்த அபாயம் உண்மையானது. அதற்கான மருந்து இரகசிய வாக்கெடுப்பு. நிர்வாகம் ஊதியத்தில் பிடித்துத் தரும் சந்தாவின் கணக்கையோ, அலுவலர் முன்னிலையில் வாங்கும் கையெழுத்தையோ பெரும்பான்மைக்குச் சான்றாக ஏற்கக் கூடாது. ரயில்வே ஊழியர் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தம் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆலைத் தொழிலாளிக்கு அது ஏன் மறுக்கப்பட வேண்டும்? சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுபேர உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்பாடுகளை இந்தியா இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைவில் கொள்வோம்.

சட்டத் தொகுப்புகளை எதிர்த்து 2020 நவம்பர் 26லும் 2025 ஜூலை 9லும் மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தின. போராட்டம் தொடரும், தொடர வேண்டும். ஆனால் தில்லியில் சட்டம் மாறும் வரை ஆலைச் சங்கம் காத்திருக்க வேண்டியதில்லை. பல சங்கங்களின் விதிகளில், நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளரே உறுப்பினராகலாம் என்ற வாசகம் இன்றும் இருக்கிறது. அதை எழுதியவர் முதலாளி அல்லர்; நாம். அதை நீக்க ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும். நீக்கிய மறுநாளே கேண்டீனிலும் கழிப்பறை வாயிலிலும் பொதி ஏற்றும் மேடையிலும் உறுப்பினர் சேர்ப்பு தொடங்க வேண்டும். நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் வேண்டும். சந்தா அவர்களின் ஊதியத்துக்கு ஏற்பக் குறைவாக இருக்க வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம், பணிமூப்புப்படி நிரந்தரம், ஒப்பந்ததாரர் மாறினாலும் பணி தொடரும் என்ற உறுதி ஆகிய மூன்றும் எண்ணோடும் தேதியோடும் கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். இவை தீராமல் ஊதியத்தில் மட்டும் கையெழுத்தில்லை என்று சங்கம் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்த்த பட்டியலை அனுப்பும்போது, முப்பத்தெட்டாவது கோரிக்கையின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன்: இந்த வரியைத் தமிழில் எழுதுவது எளிது, அந்த ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குப் படித்துக் காட்டுவதுதான் கடினம். தோழர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அடுத்த பட்டியலில் அந்த வரி முதலிடத்துக்கு வரட்டும்.